அரைப் பரப்பு நிலமும் ஒக்டோபர் மாதமும்: குளிரைத் தாண்டி நிற்க எதை நடலாம்?

கேள்வி இது: கிழக்கு லண்டனில் செப்டெம்பர் கடைசியில் அரை பிளொட் அலொட்மென்ட் (மரக்கறி செய்ய வாடகைக்கு விடும் தோட்டத் துண்டு) கிடைத்திருக்கிறது. களிமண், பாதிக்கு மேல் புல். வசந்தம் வரை சும்மா போட்டுவைக்க மனமில்லை. இப்போதே நட்டால் குளிரைத் தாங்கி நிற்கும் மரக்கறிகள் எவை? ஊர்ச் சின்ன வெங்காயத்தை நடலாமா? கத்தரி, மிளகாய்க்கு ஏதாவது வழி உண்டா?

தம்பி, முதலில் வாழ்த்துகள். லண்டனில் பல கவுன்சில்களில் இதற்கு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் 'ஐந்து ராட்' என்று எழுதியிருக்கும். குழம்ப வேண்டாம். இங்கே ராட் என்பதும் நம் காணி உறுதியில் வரும் பேர்ச் என்பதும் ஒரே அளவுதான். முழு பிளொட் பத்து ராட், ஏறக்குறைய 250 சதுர மீட்டர். யாழ்ப்பாணக் கணக்கில் சரியாக ஒரு பரப்பு. உங்களுடையது அரைப் பரப்பு. வார இறுதியில் மட்டும் வந்துபோகிற ஒருவருக்கு அது தாராளம்.

பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளி, குளிர்கால வெங்காய செட் (நடுவதற்கென்று விற்கும் சின்னக் குமிழ்), புரோட் பீன்ஸ். இந்த மூன்றையும் நிலத்தின் கால் பங்கில் நடுங்கள். மிச்சத்தை மூடி வையுங்கள். இதற்கு மேல் செய்வதெல்லாம் ஆசைக்குச் செய்வது. நானும் செய்கிறேன், அதையும் பிறகு சொல்கிறேன்.

ஏன் இந்த மூன்று மட்டும்? ஊரில் தோட்டம் செய்து பழகியவர்களுக்கு இங்கே முதலில் பிடிபடாத விஷயம் வெளிச்சம். எல்லோரும் குளிரைத்தான் பேசுவார்கள். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிகக் குறுகிய பகல்கூட ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம் இருக்கும். லண்டனில் டிசெம்பர் 21ஆம் திகதி பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. பகல் பத்து மணி நேரத்துக்குக் கீழே போனால் இலை மரக்கறிகள் வளர்வதை ஏறக்குறைய நிறுத்திவிடும் என்பது தோட்டக்காரர் கணக்கு. லண்டனில் அது ஒக்டோபர் கடைசியில் தொடங்கி பெப்ரவரி நடுப்பகுதி வரை நீளும். அந்த மூன்றரை மாதமும் நீங்கள் கூடாரம் போட்டாலும் பசளை போட்டாலும் செடி அப்படியே நிற்கும். நவம்பரில் நான்கு இலையோடு இருந்த லெட்டூஸ் பெப்ரவரியிலும் நான்கு இலையோடுதான் இருக்கும், நத்தை ஒன்றைத் தின்றிருந்தால் மூன்று.

அதனால் இரண்டு வகைப் பயிரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பக்கத்து பிளொட்டில் ஜனவரியில் கம்பீரமாக நிற்கும் லீக்ஸ், கேல், பிரஸல்ஸ் ஸ்பிரவுட்ஸ், பார்ஸ்னிப், ஊதா புரோக்கொலி எல்லாம் இலையுதிர் காலத்தில் நட்டவை இல்லை. மார்ச் முதல் மே வரைக்குள் விதைத்து, கோடை முழுதும் வளர்ந்து முடித்தவை. குளிரில் அவை வளரவில்லை, வயலே அவற்றுக்குக் குளிர்சாதனப் பெட்டி போல இருக்கிறது. அந்த பஸ்ஸை நீங்கள் இந்த வருடம் தவறவிட்டுவிட்டீர்கள். ஒக்டோபரில் லீக்ஸ் விதை வாங்காதீர்கள். இப்போது நடுவதற்கு ஏற்றவை, மண்ணுக்குள் வேரை இறக்கிவிட்டு, மேலே சின்னதாக முளை காட்டி, மார்ச் வரை பொறுமையாக இருந்து, வெளிச்சம் திரும்பியதும் ஓடத் தொடங்கும் பயிர்கள். அறுவடை மே கடைசி முதல் ஜூலை வரை. அதாவது குளிர்காலத்தில் சாப்பிட அல்ல, வசந்தத்தில் நடுகிறவர்களை முந்திக்கொள்ளத்தான் இப்போது நடுகிறோம்.

இன்னொன்று, இங்கே பயிரைக் கொல்வது பெரும்பாலும் உறைபனி அல்ல, ஈரம். லண்டன் களிமண் நவம்பரில் தண்ணீர் குடித்தால் மார்ச் வரை விடாது. ஊர்ச் செம்மண்ணில் மழை விட்டு ஒரு மணி நேரத்தில் பாத்திக்குள் இறங்கலாம். இங்கே இறங்கினால் மண் செங்கல்லாகிவிடும். ஆகவே பாத்தியை 1.2 மீட்டர் அகலத்துக்கு மேல் போடாதீர்கள், இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். 10, 15 சென்டிமீட்டராவது உயர்த்திப் போடுங்கள். மிதித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நில்லுங்கள்.

மண்வெட்டியை எடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. தேத்தண்ணிப் போத்தலோடு பக்கத்துப் பிளொட்டுக்காரரிடம் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் நிலத்தில் முன்பு இருந்தவருக்கு வெங்காயத்தில் வெள்ளை அழுகல் வந்ததா? கோவாவுக்கு வேர் வீக்கம் வந்ததா? இரண்டும் மண்ணில் தங்கும் நோய்கள். வந்த மண்ணில் பதினைந்து வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியவை. வெள்ளை அழுகல் இருந்தால் உள்ளியையும் வெங்காயத்தையும் அந்த மூலையில் மறந்துவிட வேண்டியதுதான், மருந்து கிடையாது. சப்பாத்தில் ஒட்டிய மண்ணோடு அது அடுத்த பாத்திக்கும் நடந்துபோகும். பழைய தோட்டக்காரர்கள் வாயைத் திறந்தால் இரண்டு மணி நேரம் போகும் என்பது உண்மை. ஆனால் அந்த மண்ணைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்த விதைப் பைக்கற்றிலும் எழுதியிருக்காது.

சரி, உள்ளிக்கு வருவோம். முதல் வருடத் தோட்டக்காரருக்கு இதைவிட நல்ல பயிர் கிடையாது என்பது என் கருத்து. ஒரு பல்லைக் குத்தினால் ஒரு பூண்டு. தண்ணீர் ஊற்றும் வேலை குறைவு. புறா தின்னாது, நத்தை பெரிதாகச் சீண்டாது. ஆனால் இதற்குக் குளிர் கட்டாயம் வேண்டும். பத்துப் பாகைக்குக் கீழே ஒன்று இரண்டு மாதம் மண்ணில் கிடந்தால்தான் அது பல்லாகப் பிரியும். மார்ச்சில் தாமதமாக நட்டால் பிரியாமல் ஒற்றைப் பூண்டாகவே வந்து நிற்கும். ஊரில் ஒற்றைப் பூண்டை மருந்துக்கு என்று தேடி வாங்குவார்கள். இங்கே ஒரு பாத்தி நிறைய அது வந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது.

சூப்பர் மார்க்கெட் உள்ளியை நடாதீர்கள். அதில் பல சீனாவிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ வருபவை. அந்த ஊர்ப் பகல் நீளத்துக்குப் பழகியவை, நோயும் கூட்டிக்கொண்டு வரலாம். நடவுக்கென்று விற்பதை வாங்குங்கள். இரண்டு வகை உண்டு. மென்கழுத்து வகை நீண்ட நாள் வைத்திருக்கலாம், சடை போலப் பின்னித் தொங்கவிடலாம். சொலன்ட் வைட் என்ற ரகம் இந்த நாட்டுக் குளிருக்கு நன்றாகப் பழகியது. கடுங்கழுத்து வகையில் லோட்ரெக் வைட் நல்லது. பல் பெரிது, தோல் எளிதில் உரியும், காரமும் மணமும் அதிகம், ஆனால் மென்கழுத்து அளவுக்கு வைத்திருக்க முடியாது. ஜூனில் அதன் நடுவிலிருந்து சுருண்டு வரும் பூத்தண்டை ஒடித்து இறாலோடு போட்டுப் பிரட்டிப் பாருங்கள், பிறகு எனக்கு நன்றி சொல்வீர்கள். ஐந்து கடுங்கழுத்து, ஐந்து மென்கழுத்துப் பூண்டு வாங்கினால் உங்கள் வீட்டுக்குப் போதும். 'யானை உள்ளி' என்று கைமுட்டி அளவில் ஒன்று விற்பார்கள். அது உண்மையில் லீக்ஸின் சொந்தக்காரன், காரம் இருக்காது. ரசத்துக்கு ஆகாது.

ஒக்டோபர் நடுவிலிருந்து டிசெம்பர் தொடக்கம் வரை நடலாம். பல்லின் தட்டையான அடி கீழே, கூர் மேலே. நுனிக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண். பல்லுக்குப் பல் 15 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 30. நட்ட முதல் இரண்டு வாரம் மேலே ஒரு வலை போடுங்கள். புறா உள்ளியைத் தின்னாது என்றேன், ஆனால் புழு என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும். வெங்காயத்துக்கும் அதே தொல்லை.

வெங்காய செட் என்பது போன பருவத்தில் விதைத்து, பெரிதாக விடாமல் எடுத்து உலர்த்திய சின்னக் குமிழ். இலையுதிர் காலத்தில் நடுவதற்கென்றே தனி ரகங்கள் உண்டு. மஞ்சளில் ராடார், சென்ஷ்யு. சிவப்பில் இலெக்ட்ரிக். சென்ஷ்யு ஜப்பானிய ரகம். அந்த வகைகளின் சிறப்பு, பகல் நீளத் தொடங்கும்போதே, மற்ற வெங்காயங்களுக்கு முன்பே குமிழ் கட்டத் தொடங்குவது. அதனால் ஜூனில் வெங்காயம் கையில் இருக்கும். கடையில் வசந்தத்துக்கென்று விற்கும் செட்டை இப்போது நடாதீர்கள், பைக்கற்றைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெங்காயம் இரண்டு வருடப் பயிர். ஒரு குளிர்காலத்தைக் கண்டுவிட்டால் 'எனக்கு வயது வந்துவிட்டது' என்று பூத்தண்டு விடப் பார்க்கும். ஆனால் தண்டு பென்சில் தடிப்புக்கு வளர்ந்திருந்தால்தான் அதற்குக் குளிர் உறைக்கும். மெலிந்த செடி குளிரைக் கண்டாலும் பூக்காது. ஆகவே செட்டைத் தெரிந்தெடுக்கும்போது பெரிய குமிழைப் பொறுக்காதீர்கள். சின்னதாக, கோலிக்குண்டு அளவில் கெட்டியாக இருப்பதை எடுங்கள். செப்டெம்பரிலேயே அவசரப்பட்டு நடவும் வேண்டாம். கிழக்கு லண்டனுக்கு ஒக்டோபர் நடுப்பகுதி சரி. பத்து சென்டிமீட்டர் இடைவெளி, நுனி மட்டும் மண்ணுக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். இந்த வெங்காயம் சில மாதத்துக்கு மேல் நிற்காது என்பதையும் ஞாபகம் வையுங்கள். ஜூன் முதல் ஒக்டோபர் வரை சாப்பிட எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் நடுங்கள். எங்கள் வீட்டுக்கு நூறு செட் போதுமாக இருக்கிறது.

ஊர்ச் சின்ன வெங்காயம் பற்றிக் கேட்டீர்கள். இது என் மனதுக்கு நெருக்கமான கேள்வி. அப்பா கோப்பாயில் வெங்காயம் செய்தவர். நான் இங்கே பிளொட் எடுத்த முதல் ஒக்டோபரில், தமிழ்க் கடையில் வாங்கிய சின்ன வெங்காயத்தில் இரண்டு கிலோவை அப்படியே நட்டேன். முளைத்தது. அழகாகத் தாள் விட்டது. மார்ச்சில் எல்லோருடைய வெங்காயமும் வளரத் தொடங்கியபோது என்னுடையது குமிழ் கட்டி முடித்துவிட்டது, பட்டாணி அளவில். மீதி பூத்தது. காரணம் எளிது. ஊர் வெங்காயம் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரப் பகலில் குமிழ் கட்டப் பழகியது. இங்கே மார்ச் கடைசியிலேயே பகல் பன்னிரண்டு மணியைத் தாண்டிவிடும். தாள் நாலு விரல் வளரும் முன் 'நேரம் வந்துவிட்டது' என்று அது நினைத்துக்கொள்ளும். தாளுக்காக நடுவதென்றால் நடலாம், ஜன்னலோரம் ஒரு சட்டியில். வயலில் வேண்டாம், கடை வெங்காயத்தோடு வெள்ளை அழுகல் வரும் ஆபத்தும் உண்டு.

அதற்குப் பதிலாக ஷலொட் நடுங்கள். நம் சின்ன வெங்காயத்துக்கு மிகக் கிட்டிய சொந்தம். ஒன்றை நட்டால் ஆறு, எட்டாகக் கொத்தாகப் பிரியும், அதே முறைதான். இலையுதிர் நடவுக்கு கிரிசெல் என்ற சாம்பல் தோல் ரகம் உண்டு. பார்க்க அழகில்லை, ஆனால் தாளித்தால் வாசனை அடுத்த பிளொட் வரை போகும். குறுகிய பகலன்று நட்டு நீண்ட பகலன்று பிடுங்கு என்று இந்த ஊர்க் கிழவர்கள் ஷலொட்டுக்கும் உள்ளிக்கும் ஒரு வழக்குச் சொல்வார்கள். நான் அவ்வளவு காத்திருப்பதில்லை. டிசெம்பர் 21ஆம் திகதி என் களிமண்ணில் ஒரு துளை போட்டால் அது கிணறாகிவிடும். நவம்பர் முதல் வாரத்தில் முடித்துவிடுகிறேன்.

வெங்காயக் குடும்பத்துக்கு இன்னொரு எதிரி, இந்த நாட்டுக்கு 2000களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்த இலைதுளைப்பான் ஈ. ஒக்டோபர், நவம்பரிலும் மறுபடி மார்ச், ஏப்ரலிலும் முட்டையிடும். இலையில் நேர்கோட்டில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அதுதான். தெளிக்க ஒன்றும் இல்லை. நட்ட அன்றே மெல்லிய கண்ணுள்ள பூச்சி வலையால் மூடுவதுதான் வழி. புறாவுக்குப் போடும் வலையின் கண் பெரிது, ஈ சிரித்துக்கொண்டே உள்ளே போகும். ஒரே செலவாகப் பூச்சி வலையே வாங்கிவிட்டால் இரண்டுக்கும் ஆகும்.

மூன்றாவது புரோட் பீன்ஸ். நம் அவரை போலக் கொடி இல்லை, நிமிர்ந்து நிற்கும் செடி. விதைக்க வேண்டிய ரகம் ஒன்றே ஒன்று: அக்குவாடுல்ஸ் குளோடியா. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் பழைய ரகம், இன்னும் குளிருக்கு இதை மிஞ்சியது குறைவு. காற்று அதிகம் அடிக்கும் பிளொட் என்றால் குட்டை ரகமான த சட்டன் பரவாயில்லை. ஐந்து சென்டிமீட்டர் ஆழம், இருபது சென்டிமீட்டர் இடைவெளியில் இரட்டை வரிசை.

இதை ஒக்டோபர் கடைசிக்கு முன் விதைக்காதீர்கள். எல்லாப் பைக்கற்றிலும் 'ஒக்டோபர் – நவம்பர்' என்று இருக்கும். லண்டனில் இப்போதெல்லாம் இலையுதிர் காலம் இளஞ்சூடாக நீள்கிறது. மாதத் தொடக்கத்தில் விதைத்தால் கிறிஸ்மஸுக்குள் முழங்கால் உயரம் வந்து ஜனவரிக் காற்றில் ஒடிந்து விழும். நவம்பர் முதல் பத்து நாள் சரியான நேரம். கிறிஸ்மஸில் உங்கள் விரல் நீளத்துக்கு இருந்தால் போதும். உறைபனி அடித்த காலையில் எல்லாம் தலை கவிழ்ந்து கிடக்கும், போய்விட்டதென்று நினைப்பீர்கள். மத்தியானம் எழுந்து நிற்கும். நடுத் தண்டே செத்தாலும் அடியிலிருந்து பக்கக் கிளை வரும்.

உண்மையான எதிரி எலி. ஒரே இரவில் ஒரு வரிசையைத் தோண்டித் தின்னும். வரிசையின் சீர்மையைப் பார்த்தால் அளவுகோல் வைத்துத் தோண்டியது போலிருக்கும். எலித் தொல்லை உள்ள இடமென்றால் டாய்லெட் ரோல் அட்டையில் கூட்டெரு நிரப்பி வீட்டில் முளைக்க வைத்து, முளைத்தபின் அட்டையோடு நடுங்கள். விதை கரைந்துவிட்டால் எலிக்கு ஆர்வம் குறைந்துவிடும்.

இவ்வளவு சிரமம் ஏன், மார்ச்சில் விதைக்கக் கூடாதா என்றால், தாராளமாக விதைக்கலாம். ஆனால் மே, ஜூனில் கறுப்பு அசுவுணி வந்து இளந்தளிரில் அப்பிக்கொள்ளும். இலையுதிரில் விதைத்த செடி அதற்குள் காய்த்துத் தண்டு முற்றியிருக்கும், அசுவுணிக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அடியில் முதல் பிஞ்சுகள் தெரிந்ததும் நுனிக்குருத்தைக் கிள்ளிவிடுங்கள். அசுவுணிக்கு விருந்து போய்விடும், உங்களுக்கு விருந்து வரும். அந்தக் குருத்தைத் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தால் அகத்தி இளங்கீரை ஞாபகம் வரும், கசப்பு இல்லாமல்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதைத் தோட்டக்காரர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு பரம்பரையாக உள்ளவர்களுக்குப் புரோட் பீன்ஸ் கடுமையான இரத்தச்சோகையைக் கொண்டுவரும். தெற்காசியர்களிலும் இந்தக் குறைபாடு உண்டு. குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதென்று தெரிந்தால் இந்தப் பயிரை விட்டுவிடுங்கள்.

இனி ஆசைக்குச் செய்பவை. பட்டாணியில் மீட்டியோர், டூஸ் புரொவோன்ஸ் போன்ற உருண்டை விதை ரகங்கள் குளிர் தாங்கும். சுருங்கிய விதை ரகங்களில் சர்க்கரை அதிகம், குளிர்ந்த ஈர மண்ணில் முளைக்காமல் அழுகிவிடும். ஆனால் எலி, புறா, நத்தை மூன்றுக்கும் பிடித்த ஒரே பயிர் பட்டாணி. முதல் வருடம் விட்டுவிடுங்கள் என்பேன்.

வசந்தக் கோவா நல்ல பயிர். ஆனால் அதை விதைக்கும் காலம் ஜூலை, ஓகஸ்ட். இப்போது விதைக்க முடியாது, கார்டன் சென்டரில் நாற்று இருந்தால் ஒக்டோபர் நடுவுக்குள் வாங்கி நடலாம். டர்ஹம் ஏர்லி, ஒஃபன்ஹம் என்ற பெயர்கள் இருந்தால் எடுங்கள். 15 சென்டிமீட்டரில் நெருக்கி நட்டு, மார்ச்சில் ஒன்றுவிட்டு ஒன்றைப் பிடுங்கி வறைக்கு எடுத்தால் மற்றவை முப்பது சென்டிமீட்டர் இடத்தில் உருண்டு வரும். வேர் வீக்கம் இருந்த மண்ணென்றால் முன்கூட்டியே சுண்ணாம்பு போட வேண்டும். வலை இல்லாமல் நடுவதாக இருந்தால் நடவே வேண்டாம். ஜனவரியில் தின்ன வேறொன்றும் இல்லாத காட்டுப்புறா ஒரு பகலில் நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும்.

கீரை வகையில் லாம்ப்ஸ் லெட்டூஸ், லான்ட் கிரெஸ், மிசுனா, கடுகுக் கீரை எல்லாம் குளிர் தாங்கும். சரியான விதைப்புக் காலம் செப்டெம்பர் நடுவோடு முடிந்துவிட்டது. இந்த வாரமே ஒரு சின்னப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் விதைத்தால் மார்ச்சில் ஒரு அறுப்பு கிடைக்கலாம். கொத்தமல்லி நம்மவர்கள் நினைப்பதைவிடக் கெட்டிக்காரி. சமையலறைத் தனியாவை இலேசாக நசுக்கி இப்போது தூவினால், இலேசான உறைபனியைத் தாங்கி நின்று ஏப்ரலில் தழைக்கும். கோடையில் போல உடனே பூக்கவும் மாட்டாள். வெந்தயம் அப்படி இல்லை, முதல் கடும் பனியில் கருகிவிடும். அதை ஜன்னலோரத் தட்டில் போடுங்கள்.

மீதி நிலம் என்ன செய்ய என்றால், இங்கேதான் முதல் வருடக்காரர்கள் உடைந்துபோகிறார்கள். முழுவதையும் கொத்த வேண்டும் என்று இறங்கி, நவம்பர் மழையில் முதுகு பிடித்து, பெப்ரவரியில் சாவியைத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பயிரிடும் பாத்தியை மட்டும் கொத்துங்கள். மற்றதில் புல்லை ஒட்ட வெட்டி, மேலே கடதாசி அட்டை, அதன்மேல் கூட்டெரு, அதற்கும் மேல் கறுப்புப் பொலித்தீன். வசந்தத்துக்குள் பெரும்பாலான புல் செத்துவிடும், மண்புழு பாதி வேலையைச் செய்திருக்கும். ஏற்கெனவே வெறும் மண்ணாக இருக்கும் துண்டில் பசுந்தாட் பசளைக்காக வயல் அவரையை நவம்பர் வரை தூவலாம், களிமண்ணுக்கு அது நல்லது. கிரேசிங் ரை என்ற புல்லையும் பரிந்துரைப்பார்கள். மண்ணைப் பிடித்து வைப்பதில் மன்னன், ஆனால் ஏப்ரலில் அதைக் கொத்திப் புரட்ட உங்களுக்கு இருபது வயது இருக்க வேண்டும். புரட்டிய பின் சில வாரம் சின்ன விதைகளை முளைக்கவும் விடாது.

குதிரை எரு இலவசம் என்று யாராவது சொன்னால் பாய்ந்து வாங்காதீர்கள். ஒரு வருடம் ஒரு குதிரைத் தொழுவத்திலிருந்து டிரெய்லர் நிறையக் கொண்டுவந்து பரப்பினேன். வசந்தத்தில் பீன்ஸ், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் பாம்புப் படம் போலச் சுருண்டன. புல்வெளிக்கு அடிக்கும் அமினோபைரலிட் வகைக் களைகொல்லி வைக்கோல் வழியாகக் குதிரைக்குள் போய், எருவில் அப்படியே தங்கியிருந்தது. இப்போது எந்த எரு வந்தாலும் முதலில் ஒரு சட்டியில் போட்டு நாலு புரோட் பீன்ஸ் விதை ஊன்றி மூன்று நான்கு வாரம் பார்ப்பேன். இலை நேராக வந்தால்தான் வயலுக்குப் போகும்.

பசளையும் இப்போது வேண்டாம். ஒக்டோபரில் தழைச்சத்துக் கொடுத்தால் இலை பஞ்சு போல வளரும், உறைபனி முதலில் அதைத்தான் எரிக்கும். மண்ணில் கூட்டெரு கலந்தால் போதும். பெப்ரவரி கடைசியில் உள்ளிக்கும் வெங்காயத்துக்கும் சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி கோழி எருக் குருணை தூவுங்கள், அப்போதுதான் வேர் அதைத் தேடும். நத்தைக்குப் பழைய நீலக் குருணையைக் கொட்டிலில் கண்டெடுத்தால் போடாதீர்கள். அதிலிருக்கும் மெட்டல்டிஹைடை வெளியில் பயன்படுத்த 2022 வசந்தத்திலிருந்து இங்கே தடை. இரும்புப் பொஸ்பேட்டுக் குருணை வாங்கலாம்.

இடத்தைத் தெரிவு செய்யும்போது ஒன்றை யோசியுங்கள், நான் இரண்டு வருடம் கழித்துத்தான் யோசித்தேன். இப்போது நடுவது ஜூன் கடைசி, ஜூலை வரை அந்த மண்ணை விடாது. பூசணியும் தக்காளியும் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் நடப்பட வேண்டியவை. ஆகவே மிக நல்ல வெயில் விழும் துண்டை உள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு பூசணியைத் தூக்கிக்கொண்டு இடம் தேடாதீர்கள். புரோட் பீன்ஸ் எடுத்த இடத்தில் வேரை மண்ணிலேயே விட்டுத் தண்டை மட்டும் வெட்டி, கேல் கன்று நட்டால் அது விட்டுப்போன தழைச்சத்தில் நன்றாக வரும். வெங்காயம் எடுத்த இடத்தில் ஜூலையில் போஞ்சி விதைக்கலாம். லீக்ஸ் மட்டும் வேண்டாம், அதே குடும்பம்.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பியதும் வேலை முடிந்து போய் ஒன்றும் செய்ய முடியாது, ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். பல இடங்களில் குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாயையும் பூட்டிவிடுவார்கள். உங்களுக்கு உண்மையில் இருப்பது நாலைந்து சனிக்கிழமை. இந்தச் சனி பக்கத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இரண்டு பாத்தி உயர்த்துங்கள், மிச்சத்தை மூடுங்கள். அடுத்த சனி வெங்காயம், கொத்தமல்லி. அதற்கடுத்தது உள்ளி. நவம்பர் முதல் சனி புரோட் பீன்ஸும் ஷலொட்டும். உள்ளி முளை வெளியே தெரிய சில வாரங்கள் ஆகலாம், தோண்டிப் பார்க்காதீர்கள். நான் பார்த்திருக்கிறேன்.

கத்தரியும் மிளகாயும்? வெளியில் இப்போது வழியே இல்லை. முதல் உறைபனி இரண்டையும் ஒரே இரவில் கறுப்பாக்கிவிடும். பெப்ரவரியில் வீட்டுக்குள், ஹீட்டருக்குப் பக்கத்து ஜன்னலில் விதைக்க வேண்டும். அந்த நேரம் மறுபடி கேளுங்கள், எந்தக் கத்தரி ரகம் இந்த ஊர் வெயிலில் காய்க்கிறது என்று சொல்கிறேன். என்னிடம் விதையும் கொஞ்சம் இருக்கிறது.